தாத்தா வீடு கிலோ என்ன விலை?

செத்துப்போனவர் வீட்டைக் காலி செய்ய எத்தனை நாள் வேண்டும்?

நம்ம ஊரில் இதற்கு எழுதப்படாத சட்டம் ஒன்று இருக்கிறது. பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் காலையில் ஆரம்பித்து, பெங்களூருக்கும் சென்னைக்கும் திரும்பிப் போகிற பிள்ளைகளின் ரயில் கிளம்புவதற்குள் முடித்துவிட வேண்டும். மிஞ்சிப்போனால் மூன்று நாள். ஒரு மனுஷன் அறுபது வருஷமாகச் சேர்த்ததை மூன்று நாளில் தராசில் ஏற்றி இறக்கிவிடுகிறோம். கேட்டால் "வீட்டைச் சுத்தம் பண்ணினோம்" என்று பதில் வரும்.

இதற்குப் பெயர் சுத்தம் இல்லை. பெயர் என்னவென்று கடைசியில் பார்க்கலாம்.

சேலம் அஸ்தம்பட்டியையே எடுத்துக்கொள்வோம். ரவுண்டானா, கலெக்டர் பங்களா, மத்திய சிறை, ஏற்காடு போகிற ரோடு. இவற்றைச் சுற்றியுள்ள தெருக்களில் அரசு ஊழியர்களும் வாத்தியார்களும் வக்கீல்களும் கடனை உடனை வாங்கிக் கட்டிய பழைய வீடுகள் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கின்றன. முன்னால் ஒரு வேப்ப மரம், பின்னால் ஒரு கிணறு, உள்ளே ஒரு தாத்தாவோ பாட்டியோ. பிள்ளைகள் வெளியூரில். தாத்தா போய்ச் சேர்ந்ததும் அந்த வீட்டைத் திறந்து பார்த்தால் என்னென்ன இருக்கும்? ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். உங்கள் சொந்தக்காரர் வீட்டுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இருக்காது.

அட்டாலியில் அண்டா, குண்டா, போசி, கொப்பரை. கயிறு போட்டுக் கட்டிய வார இதழ்கள், பைண்டு பண்ணிய தொடர்கதைகள். இரண்டு ட்ரங்குப் பெட்டி. ஒன்றுக்குச் சாவி இல்லை. மஞ்சள் பைக்குள் மஞ்சள் பை, அதற்குள் இன்னொரு மஞ்சள் பை. ஹார்லிக்ஸ் பாட்டில் நிறைய ஆணி. ஓடாத வால்வு ரேடியோ. 1970களிலிருந்து கரண்ட் பில் ரசீது. கம்பியில் குத்தி வைத்த கல்யாணப் பத்திரிகைகள். காலாவதியான மாத்திரை ஒரு டப்பா. மூக்குக் கண்ணாடிகள் ஏழு. பாட்டியின் பால் கணக்கு நோட்டு. யாருடைய போட்டோ என்று யாருக்கும் தெரியாத போட்டோக்கள்.

வாசலில் நின்று பார்க்கிறவருக்கு இது குப்பைதான். மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே வருகிற மருமகனுக்கும் குப்பைதான். பழைய பேப்பர் கடைக்காரர் ஒருவருக்குத்தான் இது சரக்கு! மொத்த வீட்டில் இதற்கெல்லாம் ஒரு விலை உண்டு என்று தெரிந்த ஒரே ஆள் வெளியாள். அவர் மேல் தப்பில்லை. அவர் தொழில் தெரிந்து செய்கிறார். நாம்தான் தொழில் தெரியாமல் விற்கிறோம்.

அவசரம் யாருடையது?

"ஊருக்குப் போகணும், லீவு இல்லை" என்பார்கள். அது பாதி உண்மை. மீதி உண்மை மண்ணுக்கடியில் இருக்கிறது. அஸ்தம்பட்டி மாதிரி இடத்தில் இன்றைக்கு வீட்டை விட அது நிற்கிற நிலத்துக்குத்தான் மதிப்பு. அடுக்குமாடி கட்டுகிறவர் காரியம் முடிவதற்கு முன்னாலேயே யார் மூலமாகவாவது சொல்லி அனுப்பிவிடுகிறார். "காலி இடமா குடுத்தா நல்ல ரேட்டு." அவ்வளவுதான், தாத்தாவின் பொருள்கள் எல்லாம் ஒரே நாளில் தடங்கல் ஆகிவிடுகின்றன.

நிலத்தை விற்பது பாவம் என்று யாரும் சொல்லவில்லை. விற்கட்டும். ஆனால் கோடிக்கணக்கில் பேரம் பேசும்போது ஆறு மாதம் பொறுமையாக இருக்கத் தெரிந்தவர்களுக்கு, அந்த வீட்டின் ட்ரங்குப் பெட்டியைத் திறந்து பார்க்க மட்டும் ஆறு மணி நேரம் கிடைக்காமல் போவது எப்படி? நேரம் இல்லை என்பது இங்கே காரணமே கிடையாது. அக்கறை இல்லை என்பதற்கு மரியாதையான இன்னொரு பெயர் அது.

குப்பைக்குள் இருக்கும் கணக்கு

சரி, பாசம், பண்பாடு எல்லாம் வேண்டாம். வெறும் காசுக் கணக்கே பார்ப்போம். பழைய பேப்பர் கிலோவுக்குப் பத்து ரூபாயோ பதினைந்து ரூபாயோ போகும். நூறு கிலோ போட்டால் ஆயிரத்து ஐந்நூறு. இதற்காக எதை எடைக்குப் போடுகிறோம் தெரியுமா?

வங்கியில் பத்து வருஷம் யாரும் தொடாமல் கிடக்கிற டெபாசிட் பணம் ரிசர்வ் வங்கி நடத்துகிற ஒரு தனி நிதிக்குப் போய்விடுகிறது. 2014-இல் ஆரம்பித்த திட்டம் இது. 2023 பிப்ரவரி வரைக்கும் பொதுத்துறை வங்கிகள் மட்டும் இப்படி அனுப்பிய தொகை சுமார் 35,012 கோடி ரூபாய், 10 கோடிக்கும் மேற்பட்ட கணக்குகள். நாடாளுமன்றத்தில் அரசாங்கமே சொன்ன கணக்கு. இவ்வளவு பணமும் வாரிசு இல்லாதவர்களுடையது என்று யாராவது நம்பினால் அவர்களுக்கு நம் குடும்பங்களைப் பற்றித் தெரியாது. வாரிசுகள் இருக்கிறார்கள். பாஸ்புக்தான் இல்லை. பாஸ்புக் எங்கே போனது? கிலோ பத்து ரூபாய்க்குப் போனது.

இப்போது தேடுவதற்கு வழி இருக்கிறது. 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி 'உத்கம்' என்று ஒரு இணையதளம் திறந்தது. பெயரைக் கொடுத்தால் எந்த வங்கியில் பணம் கிடக்கிறது என்று தேடலாம். நிதிக்குப் போன பணத்தை வாரிசு பிறகும் கேட்டு வாங்கலாம். ஆனால் தாத்தா தன் பெயரை எப்படி எழுதினார், அப்பா பெயரின் முதலெழுத்து முன்னால் போட்டாரா பின்னால் போட்டாரா, எந்தக் கிளை என்று தெரியாமல் தேடுவது கண்ணைக் கட்டிக்கொண்டு தேடுவது மாதிரி. ஒரு பழைய கவுன்ட்டர் ஃபாயில் கையில் இருந்தால் வேலை பாதி முடிந்துவிடும்.

ஷேர் சர்டிபிகேட் கதை இன்னும் மோசம். ஒரு காலத்தில் ஷேர் என்றால் காகிதம்தான். 1980களில் கொஞ்சம் விவரம் தெரிந்த வாத்தியார்கள் கூட நூறு ஷேர் வாங்கிப் போட்டு வைத்தார்கள். முகமதிப்பு பத்து ரூபாய். அந்தக் கம்பெனி ஒன்றுக்கு ஒன்று என்று மூன்று தடவை போனஸ் கொடுத்திருந்தால் நூறு இருநூறாகி, நானூறாகி, எண்ணூறாகும். பிறகு பத்து ரூபாய் ஷேரை ஒரு ரூபாய் ஷேராகப் பிரித்திருந்தால் எட்டாயிரம். இவ்வளவும் வீட்டில் யாருக்கும் தெரியாமல் நடந்திருக்கும். பழுப்பேறின காகிதம் மட்டும் பெட்டியில் அப்படியே இருக்கும். தொடர்ந்து ஏழு வருஷம் டிவிடெண்ட் வாங்காவிட்டால் 2013-ஆம் வருஷத்துக் கம்பெனிச் சட்டப்படி டிவிடெண்டும் ஷேரும் சேர்ந்தே மத்திய அரசின் முதலீட்டாளர் கல்வி மற்றும் பாதுகாப்பு நிதிக்குப் போய்விடும். அங்கிருந்து வாரிசு மீட்கலாம், சட்டம் அனுமதிக்கிறது. 2019 ஏப்ரலுக்குப் பிறகு காகித ஷேரை இன்னொருவருக்கு விற்று மாற்ற முடியாதுதான். ஆனால் இறந்தவர் பெயரிலிருந்து வாரிசு பெயருக்கு மாற்றத் தடை இல்லை. ஃபோலியோ எண் தெரிய வேண்டும். அது அந்தக் காகிதத்தில் இருக்கிறது. காகிதம் எங்கே?

வீட்டு மூலப் பத்திரம் தொலைந்தால் என்ன ஆகும் என்று பட்டவர்களைக் கேளுங்கள். போலீஸில் புகார், நாளிதழில் விளம்பரம், கண்டுபிடிக்க முடியவில்லை என்று ஒரு சான்றிதழ். அதற்கு ஒருவர் மாதக்கணக்கில் அலைய வேண்டும். அடகுச் சீட்டு போனால் நகை ஏலத்துக்குப் போகும். கரண்ட் பில், வீட்டு வரி ரசீது என்று பல்லிளித்துப் பார்க்கிறோமே, நாளைக்குப் பக்கத்து வீட்டுக்காரர் எல்லைத் தகராறு கிளப்பினால் அந்த இடம் யார் அனுபவத்தில் இருந்தது என்பதற்கு வக்கீல் முதலில் கேட்பது அந்த ரசீதைத்தான். தாத்தா பைத்தியக்காரத்தனமாகச் சேர்க்கவில்லை. ஒரு துண்டுச் சீட்டு இல்லை என்பதற்காக அரசு அலுவலகத்தில் திருப்பி அனுப்பப்பட்ட தலைமுறை அது. அந்த அனுபவம்தான் கம்பியில் குத்தித் தொங்குகிறது.

யார் சொத்தை யார் விற்பது?

இன்னொரு விஷயம். இதைச் சொன்னால் பல அண்ணன்களுக்குக் கோபம் வரும்.

உயில் எழுதாமல் ஒரு இந்து ஆண் இறந்துபோனால், 1956-ஆம் வருஷத்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன், மகள், உயிரோடு இருந்தால் தாய், எல்லோருக்கும் அவருடைய சொத்தில் சம பங்கு. வீடு நிலம் மட்டும் என்று சட்டத்தில் எங்கேயும் இல்லை. அண்டாவும் சொத்துதான், வெள்ளிக் குத்துவிளக்கும் சொத்துதான், அந்த வால்வு ரேடியோவும் சொத்துதான். கூட்டுக் குடும்பச் சொத்திலும் மகளுக்குப் பிறப்புரிமை உண்டு என்று தமிழ்நாடு 1989-லேயே சொல்லிவிட்டது. மத்திய அரசு 2005-இல் சொன்னது. உச்ச நீதிமன்றம் 2020-இல் சந்தேகத்துக்கு இடமில்லாமல் உறுதி செய்தது.

நடப்பது என்ன? தங்கை தம்மம்பட்டியிலிருந்து பஸ் பிடித்து வந்து சேர்வதற்குள் அண்ணன் பித்தளையை எடைக்குப் போட்டு முடித்திருப்பார். "உனக்கு என்ன வேணுமோ எடுத்துக்கோ" என்று மிச்சத்தைக் காட்டுவார். மிச்சம் என்றால் பிடி உடைந்த இட்லிக் கொப்பரை. பத்திரம், பாஸ்புக், சாவி எல்லாம் ஆண்கள் கைக்குப் போகும். புடவை, பாத்திரம், அழுகை மூன்றும் பெண்கள் கைக்கு வரும். இந்தப் பங்கீட்டை எந்தச் சட்டமும் எழுதவில்லை. அவசரம் எழுதியது. அவசரமாகக் காலி செய்கிற வீட்டில் எப்போதும் தோற்கிறவர் யாரென்று பாருங்கள். தூரத்தில் இருப்பவர், பேசத் தயங்குபவர், படிக்கத் தெரியாதவர். அந்த வீட்டிலேயே இன்னும் உயிரோடு இருக்கிற பாட்டியும் அதில் சேர்த்தி. கணவனுடைய சட்டையை வெளியே போடுகிறபோது அவளிடம் ஒரு வார்த்தை கேட்கிறவர்கள் எத்தனை பேர்?

"நான்தான் நாமினி" என்று இன்னொரு வாதம் வரும். நாமினி என்றால் சொந்தக்காரர் கிடையாது. பணத்தை வாங்கி வாரிசுகளுக்குக் கொடுக்க வேண்டிய நம்பிக்கையான ஆள், அவ்வளவே. இன்சூரன்ஸ் வழக்கில் 1983-லேயே உச்ச நீதிமன்றம் இதைச் சொன்னது. ஷேர் வழக்கில் 2023 டிசம்பரில் மறுபடியும் சொன்னது. நாற்பது வருஷமாக நீதிமன்றம் சொல்லியும் நம் வீட்டுக் கூடத்துக்கு அந்தத் தீர்ப்பு இன்னும் வந்து சேரவில்லை.

நெய்யில் தோய்த்து எரித்த கதை

பழைய வீட்டைக் காலி செய்கிற வியாதி இன்றைக்கு வந்தது இல்லை. உ.வே.சாமிநாதையர் ஊர் ஊராகச் சுவடி தேடி அலைந்தபோது அவருக்கு எதிரி யார்? கரையான் ஒன்று. இன்னொன்று வாரிசுகள். புலவர்கள் இறந்துபோன வீடுகளில் பேரப்பிள்ளைகள் ஏட்டுச் சுவடிகளை என்ன செய்வதென்று தெரியாமல் ஆடிப் பதினெட்டன்று ஆற்றில் விட்ட கதைகளை அவர் எழுதியிருக்கிறார். கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் போய்க் கேட்டால், பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமத்தில் போட்டுவிட்டதாகச் சொன்னார்கள். எவ்வளவு பக்தியாக எரித்திருக்கிறார்கள் பாருங்கள்! அவர்களும் அதைச் சுத்தம் என்றுதான் நினைத்தார்கள்.

அதே காலத்தில் நம் ஊர்ப் பெயரைத் தாங்கிய ஒருவர் வேறு மாதிரி நடந்துகொண்டார். 1880-இல் கும்பகோணத்துக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசாமி முதலியார்தான் உ.வே.சா.வைப் பார்த்து "சீவக சிந்தாமணி படித்ததுண்டா?" என்ற பொருளில் கேட்டவர். கேட்டதோடு நிற்காமல் அதன் பிரதியும் கொடுத்தார். 1887-இல் சிந்தாமணி அச்சில் வந்தது. பிறகு பத்துப்பாட்டு, சிலப்பதிகாரம், புறநானூறு என்று ஒவ்வொன்றாக வந்தன. இன்றைக்கு மேடையில் நின்று பீற்றிக்கொள்கிற சங்க இலக்கியத்தில் பெரும்பகுதி, யாரோ ஒருவர் வீட்டுப் பரணில் 'எதுக்குடா இந்தக் குப்பை' என்று கேட்கப்பட்டுத் தப்பிப் பிழைத்ததுதான்.

நம் காலத்துக்கு வருவோம். செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்று ஒருவர் இருந்தார். விளம்பரப் பலகை எழுதுவது தொழில். பழைய புத்தகம் சேர்ப்பது பைத்தியம். புத்தகம் மட்டும் இல்லை, நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, பாட்டுப் புத்தகம், கடிதம் எதையும் விடமாட்டார். 1992-இல் அவர் இறந்தபோது வீட்டில் ஏறக்குறைய ஒரு லட்சம் உருப்படிகள் இருந்தன. அக்கம்பக்கத்துக்காரர் கண்ணில் அது எப்படித் தெரிந்திருக்கும்? ஒரு வீடு நிறையக் கரையான் தீனி. வழக்கம்போல லாரி வரவழைத்திருந்தால் கதை அன்றோடு முடிந்திருக்கும். குடும்பம் அப்படிச் செய்யவில்லை. அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகம் மொத்தத்தையும் வாங்கியது. வாங்கிக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போகாமல், தமிழ்நாட்டிலேயே வைத்து 1994-இல் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் ஆக்கினார்கள். இன்றைக்குச் சென்னை தரமணியில் இருக்கிற அந்த நூலகம் இல்லாமல் தமிழ் அச்சு வரலாற்றைப் பற்றி யாராலும் உருப்படியாக ஒரு பக்கம் எழுத முடியாது. மறைமலையடிகள் 1950-இல் மறைந்தபோது விட்டுப்போன புத்தகங்களும் இப்படித்தான் 1958-இல் நூலகமாயின. எல்லாத் தாத்தாவும் மறைமலையடிகள் இல்லை, சரி. ஆனால் ரோஜா முத்தையாவும் உயிரோடு இருந்தவரை ஒரு போர்டு எழுதுகிறவர்தான்.

தோற்ற கதை வேண்டுமா? அதற்கு வெளியூர் போக வேண்டாம். அஸ்தம்பட்டியிலிருந்து ஏற்காடு ரோட்டில் கொஞ்ச தூரம் போனால் ஒரு வளைவு நிற்கும். மாடர்ன் தியேட்டர்ஸ். டி.ஆர்.சுந்தரம் 1930களில் தொடங்கிய ஸ்டுடியோ. 1938-இல் மலையாளத்தின் முதல் பேசும்படமான 'பாலன்' இங்கே தயாரானது. 1950-இல் 'மந்திரி குமாரி', 1956-இல் தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்'. ஏறக்குறைய நூறு படம். சுந்தரம் 1963-இல் காலமானார். பூனாவில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் தொடங்கியதே அடுத்த வருஷம், 1964-இல்தான். பின்னாளில் ஸ்டுடியோ மூடப்பட்டு இடம் குடியிருப்பு மனைகளானது. மிச்சம் அந்த வளைவு. எத்தனை ஸ்கிரிப்ட், எத்தனை சம்பளப் பட்டியல், எத்தனை ஸ்டில் போட்டோ அங்கே இருந்திருக்கும்! அங்கே வேலை பார்த்த தச்சர், தையற்காரர், லைட்பாய், துணை நடிகர் இவர்களில் பலர் இந்த ஊர்க்காரர்கள். அவர்கள் வீட்டுப் பெட்டிகளில் ஒரு போட்டோவாவது இருந்திருக்கும். அந்த வீடுகளும் பதினாறாம் நாளுக்கு மறுநாள் காலியாகிற வீடுகள்தானே?

அதே அஸ்தம்பட்டியில்தான் மத்திய சிறை. 1950 பிப்ரவரி 11 அன்று இந்தச் சிறைக்குள் 22 கம்யூனிஸ்ட் கைதிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அரசாங்கக் கோப்பு அரசாங்கம் சொன்னதைச் சொல்லும். கைதி வீட்டுக்கு எழுதிய போஸ்ட் கார்டும், வார்டன் வீட்டு டைரியும் மற்றதைச் சொல்லும். கோப்புக்குக் காவல் உண்டு. போஸ்ட் கார்டுக்கு அந்த வீட்டு மருமகளை விட்டால் வேறு காவல் கிடையாது.

யாழ்ப்பாணத்தில் 1981-இல் நூலகத்தைக் கொளுத்தியபோது ஏறக்குறைய 97,000 புத்தகங்கள் சாம்பலாயின. அதைப் பற்றிப் பேசினால் இன்றைக்கும் நமக்கு வயிறு எரிகிறது. எரிய வேண்டியதுதான். ஈழத்தமிழர்கள் வயிறெரிந்ததோடு நிற்காமல் 2005-இல் 'நூலகம்' என்று இணையத்தில் ஆரம்பித்து, வீடு வீடாகக் கிடந்த பிரசுரங்களையும் ஸ்கேன் செய்து ஏற்றுகிறார்கள். இழந்தவனுக்குத்தான் அருமை தெரியும் போலிருக்கிறது. நம் வீடுகளில் யாரும் வந்து தீ வைக்கவில்லை. நாமே கூப்பிட்டுத் தராசைக் கொண்டுவரச் சொல்கிறோம்.

"அதுக்காக எல்லாத்தையும் வெச்சுக்க முடியுமா?"

நியாயமான கேள்வி. முடியாது. வைத்துக்கொள்ளவும் கூடாது.

1947-இல் நியூயார்க்கில் காலியர் சகோதரர்கள் என்று இருவர் இறந்தார்கள். அண்ணன் கண் தெரியாதவர். தம்பிதான் கவனித்துக்கொண்டார். வீடு முழுக்கப் பத்திரிகைக் கட்டும் பழைய சாமானும். அந்தக் குவியல் சரிந்து தம்பி நசுங்கி இறந்தார். சோறு கொடுக்க ஆளில்லாமல் அண்ணன் இறந்தார். சில அடி தூரத்தில் கிடந்த தம்பி உடலைக் கண்டுபிடிக்கவே வாரக்கணக்கில் ஆயிற்று. அந்த வீட்டிலிருந்து எடுத்த சாமான் நூறு டன்னுக்கு மேல். இப்படிச் சேர்ப்பது ஒரு மனநோய் என்று 2013-இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு தனியாகவே வகைப்படுத்தியது. அப்படி ஒரு தாத்தா இருந்தால் அவருக்குத் தேவை வைத்தியம். அவர் செத்த பிறகு சொந்தக்காரர்கள் செய்கிற கிண்டல் யாருக்கும் உபயோகமில்லை.

அதே மாதிரி வீட்டைப் பூட்டிப் போட்டுவிட்டுப் "பார்க்கவே மனசு வரலை" என்று பத்து வருஷம் திரும்பிப் பார்க்காமல் இருப்பதும் பாசத்தில் சேராது. மூன்று நாளில் தராசு செய்வதைப் பத்து வருஷத்தில் கரையான் செய்யும். வித்தியாசம் அவ்வளவுதான்.

கேட்பது எல்லாம் வரிசையும் பொறுமையும். முதல் நாளே தூக்கிப் போடலாம்: காலாவதி மாத்திரை, பிளாஸ்டிக் டப்பா, கிழிந்த மெத்தை, கெட்டுப்போன மளிகை, ஏழில் ஆறு மூக்குக் கண்ணாடி. இதற்கு யாரும் கண்ணீர் விட வேண்டாம். காகிதம் என்று எதைப் பார்த்தாலும் ஒரே பெட்டியில் போட்டு மூடிவிடுங்கள். கருமாதி வீட்டில் உட்கார்ந்து படிக்கிற நிலையில் யாரும் இல்லை. மூன்று மாதம் கழித்து நிதானமாக ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். புத்தகத்தைப் புரட்டாமல் கொடுக்காதீர்கள், பக்கத்துக்கு நடுவில்தான் நம் ஆட்கள் பணமும் ரசீதும் கடிதமும் வைப்பார்கள். பாத்திரம், நகை, வெள்ளி என்று எது இருந்தாலும் ஒரு நோட்டில் பட்டியல் எழுதி எல்லா வாரிசும் கையெழுத்துப் போட்ட பிறகுதான் ஒரு கரண்டி கூட வெளியே போக வேண்டும். ஒரு சின்னக் கடை கைமாறினால் கூட ஸ்டாக் எடுக்காமல் யாரும் சாவியை வாங்குவதில்லை. அறுபது வருஷக் குடும்பம் கைமாறும்போது ஸ்டாக் எடுப்பதில் என்ன கேவலம்?

போட்டோக்களுக்குப் பின்னால் பெயர் எழுதச் சொல்லுங்கள். பெரிய அத்தையோ சின்னப் பாட்டியோ உயிரோடு இருக்கும்போதே. காரியத்துக்கு எல்லோரும் ஒரே இடத்தில் கூடுகிறார்கள். இந்த வேலைக்கு இதைவிட நல்ல நாள் இனி வராது. 1960க்கு முந்தைய புத்தகம், பத்திரிகை, நோட்டீஸ், டைரி என்று இருந்தால் நூலகத்துக்கோ கல்லூரித் தமிழ்த் துறைக்கோ ஒரு போன். அவர்கள் வேண்டாமென்றால் அப்புறம் எடைக்குப் போடுங்கள். தப்பே இல்லை. கேட்டுவிட்டுப் போட்டதாக இருக்கும்.

பித்தளையைப் பற்றியும் ஒரு வார்த்தை. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக உண்டு. செட்டிநாட்டு வீடுகளை இடித்தபோது வெளியே வந்த தூண், கதவு, எனாமல் பாத்திரம் எல்லாம் அங்கே அடுக்கியிருக்கும். ஒரு தலைமுறை எடைக்குப் போட்டதை அடுத்த தலைமுறை ஹோட்டல் வரவேற்பறையில் அலங்காரமாகப் பார்த்து "எவ்ளோ அழகு" என்று செல்பி எடுக்கிறது. பழசு பிடிக்காது என்று சொல்லாதீர்கள். நம் தாத்தாவின் பழசுதான் நமக்குப் பிடிப்பதில்லை. அடுத்தவன் தாத்தா பழசு என்றால் காசு கொடுத்து வாங்குகிறோம்.

பெரியவர்களுக்கும் கொஞ்சம்

பிள்ளைகளை மட்டும் திட்டினால் பாதி நியாயம்தான் ஆகும். எந்தக் கணக்கு எந்த வங்கியில் என்று கட்டிய மனைவியிடம் கூடச் சொல்லாமல், சாவியை அரைஞாணில் கட்டிக்கொண்டு போய்ச் சேருகிற பெரியவர்களும் இந்தக் குற்றத்தில் பங்காளிகள். ரகசியம் என்பது கௌரவம் என்று நினைத்தார்கள். கடைசியில் அந்த ரகசியம் ரிசர்வ் வங்கிக்கு லாபமாகப் போய் முடிகிறது.

ஸ்வீடனில் வயதானவர்கள் சாவதற்கு முன்னால் தங்கள் வீட்டைத் தாங்களே கொஞ்சம் கொஞ்சமாக ஒழித்து வைக்கிற வழக்கம் உண்டு. அதைப் பற்றி 2017-இல் மார்கரெட்டா மாக்னுசன் என்ற ஸ்வீடன் எழுத்தாளர் எழுதிய புத்தகம் உலகமெங்கும் விற்றது. ஜப்பானில் தனியாக இறந்தவர்கள் வீட்டை ஒழித்துக் கொடுப்பதற்கென்றே கம்பெனிகள் இருக்கின்றன. நமக்கு அவ்வளவு தூரம் வேண்டாம். ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். வங்கி, இன்சூரன்ஸ், ஷேர், நிலம், கொடுத்த கடன், வாங்கிய கடன், சாவி எங்கே. ஏழு தலைப்பு. 2025 நவம்பர் 1 முதல் ஒரு வங்கிக் கணக்குக்கு நான்கு நாமினி வரை போடலாம். அதையும் போட்டுவிட்டு உயிலும் எழுதி வைத்தால், பிள்ளைகள் சண்டை போடாமல் அழவாவது செய்வார்கள். "இப்பவே எதுக்கு அபசகுனமா?" என்பார்கள். போகிக்கு வருஷா வருஷம் பழையதைக் கழிக்கிறோமே, அந்த ஒரு நாளை இதற்குக் கொடுத்தால் என்ன குறைந்துபோகும்?

ஆரம்பத்தில் பாக்கி வைத்த பெயரைச் சொல்லிவிடலாம். ஒருவர் வாழ்ந்ததற்கான சாட்சியத்தை, படித்துப் பார்க்காமல், பங்காளிகளைக் கேட்காமல், எடைக்குப் போட்டு, அந்தக் காசில் வேன் வாடகை கொடுத்துவிட்டு ஊர் திரும்புவதற்குப் பெயர் சாட்சியத்தை அழிப்பது. கோர்ட்டில் செய்தால் ஜெயில். வீட்டில் செய்தால் "பொறுப்பான பையன், மூணே நாள்ல எல்லாத்தையும் முடிச்சுட்டான்" என்று பாராட்டு.

தாத்தாவை எரிக்க ஒரு நாள் போதும். அவர் பெட்டியைத் திறக்க அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகத்தான் ஆகும். ஆகட்டுமே. ரயில் நாளைக்கும் ஓடும்.